நோட்டில் பெயர் இல்லாதவர் எந்தப் பங்கு?

"நீங்க நம்ம பங்கே இல்லையே."

குழந்தைக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம் கேட்டுப் போன அன்று, எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபமாக எல்லாம் சொல்லவில்லை. தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார், எங்கள் தெருவுக்கான பக்கத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், மூடி வைத்தார். நாங்கள் வீடு மாறி வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு தவறாமல் அதே கோவிலில்தான் பூசை பார்த்தோம். ஆனால் நோட்டில் பெயர் இல்லை. "பழைய பங்குலயே வெச்சுக்கங்களேன்" என்றார். அங்கே போனால், "இப்ப எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் குடுக்கணும்" என்றார்கள். இப்படி இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே அலைந்ததில் மூன்று மாதம் போனது. கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனவள், திருமுழுக்குத் தொட்டிக்கு வந்தபோது அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வந்த ஆத்திரத்தில்தான் திருச்சபைச் சட்டத்தொகுப்பை முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன். 1983இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்டது. சட்டப் புத்தகம் என்றால் நமக்குக் கதவு சாத்துகிற புத்தகம் என்றே தோன்றும். இதில் பல இடங்களில் கதவு நம் பக்கமாகத் திறக்கிறது.

பங்கு என்பது பொதுவாக ஒரு கோவிலின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பு. வெளியே அழைத்துப் போக எதுவும் இல்லாவிட்டால் இங்கேயே இருந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு அந்த எல்லைக்குள் குடிவந்த நாளிலிருந்தே, அதைக் கவனிக்கும் குருவான பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை. அப்படி எண்ணமில்லாமல் தங்கியவருக்கும் மூன்று மாதம் இருந்துவிட்டால் அதுவே போதும். பதிவுப் படிவம் நிரப்பினால்தான் பங்குமக்கள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நோட்டு தேவைதான், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு பங்குத்தந்தை எப்படி வீடு சந்திக்கப் போவார்? ஆனால் அது நிர்வாக வசதிக்கான நோட்டு. ஒருவரைப் பங்குமக்கள் ஆக்குவது அதுவல்ல.

213ஆம் விதி இன்னும் தெளிவு. இறைவார்த்தை, திருவருட்சாதனங்கள் (திருமுழுக்கு, நற்கருணை, திருமணம் போன்ற புனிதச் சடங்குகள்) ஆகிய உதவிகளை மேய்ப்பர்களிடமிருந்து பெறுவது விசுவாசிகளின் உரிமை என்கிறது. சலுகை இல்லை, உரிமை. 843இல் மூன்று நிபந்தனைகள்: தகுந்த நேரத்தில் கேட்க வேண்டும், உரிய மனநிலையோடு இருக்க வேண்டும், சட்டப்படி தடை இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அருட்பணியாளர் மறுக்க முடியாது. காணிக்கை விஷயத்தில், ஆயர்கள் வரையறுத்ததற்கு மேல் கேட்கக் கூடாது, ஏழை என்பதால் ஒருவருக்குத் திருவருட்சாதனம் இல்லாமல் போகக் கூடாது என்கிறது 848. "மாதக் காணிக்கை பாக்கி இருக்கு, அதைக் கட்டிட்டு வாங்க" என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த எண்ணை மரியாதையாக நினைவுபடுத்துங்கள். இதெல்லாம் நானாகச் சொல்லும் புரட்சி இல்லை. திருச்சபை சுங்கச்சாவடி அல்ல, தந்தையின் வீடு என்று 2013இல் திருத்தந்தை பிரான்சிஸே எழுதினார்.

சரி, இனி நம் பக்கத்துக்கு வருவோம். பங்கு அலுவலகம் கேட்கிற எல்லாமே வீண் அலைக்கழிப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

திருமணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுத்து வரச் சொல்வார்கள். வீட்டில் பழைய சான்றிதழ் பத்திரமாக இருக்கும், அது செல்லாது என்பார்கள். எனக்கும் அன்று எரிச்சல்தான். நான் திருமுழுக்குப் பெற்ற கோவிலில் அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டியபோதுதான் காரணம் புரிந்தது. நீளமான பக்கம், மங்கின நீல மசி. என் பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு நாள், அப்பா, அம்மா, ஞானத்தந்தை, ஞானத்தாய், கொடுத்த குருவின் கையொப்பம். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பார்க்காதது ஓரத்தில் இருந்த குறிப்புப் பகுதி. திருமுழுக்குக்குப் பிறகு பெறும் திருவருட்சாதனமான உறுதிப்பூசுதல் எனக்கு வேறு பங்கில் நடந்தது, அந்தத் தேதியும் அங்கே ஏறியிருந்தது. எனக்கு மேலே இருந்தவருக்குத் திருமணம் எங்கே, எப்போது என்று எழுதியிருந்தது. குருத்துவமோ துறவற நித்திய வார்த்தைப்பாடோ பெற்றாலும் அதே ஓரத்தில்தான் ஏறும்.

அதாவது, ஒரு கத்தோலிக்கர் எத்தனை ஊர் மாறினாலும் அவருடைய கணக்கு முதன்முதலில் தண்ணீர் ஊற்றிய கோவிலுக்கே திரும்பி வருகிறது. திருமணப் பதிவேடும் திருமுழுக்குப் பதிவேடும் வைக்கும்படி பங்குத்தந்தையர்க்குத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. திருமணத்தைத் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்று 1907இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை சொன்னது. கணினி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, ஓரக் குறிப்புகளால் உலகம் முழுக்க ஒரு வலை பின்னியிருக்கிறார்கள். புதிய சான்றிதழ் கேட்பது அந்த ஓரத்தைப் பார்க்கத்தான்: வேறு எங்காவது திருமணம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று. திருமணத்துக்கு முன் கோவிலில் அதை அறிவித்து ஓலை வாசிப்பதும் அதே நோக்கம்தான். ஏமாற்றப்படாமல் இருக்க வேண்டியவர் எதிரே நிற்கும் மணமகளாகவோ மணமகனாகவோ இருக்கலாம் அல்லவா? இதை யாராவது இரண்டு வாக்கியத்தில் முன்பே விளக்கியிருந்தால் நான் சிடுசிடுத்திருக்க மாட்டேன்.

திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் விஷயத்திலும் நமக்குத் தெரியாதது நிறைய. ஜோடியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒருவர் போதும். பொதுவாகப் பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், அந்தப் பொறுப்புக்கேற்ற வாழ்க்கை வாழ வேண்டும். பெற்றவர்களே நிற்க முடியாது. முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். நாம் தேடுவதோ பரிசு வாங்கித் தரும் ஆளை. குழந்தையைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லாவிட்டால் திருமுழுக்கை ஒத்திவைக்க வேண்டும், ஆனால் காரணத்தைப் பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்கிறது சட்டம். அதே சட்டம்தான் பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக்கு ஏற்பாடு செய்யும்படி பெற்றோரையும் கேட்கிறது. மண்டபம் கிடைக்கவில்லை என்று வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிற நாமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். என் கதையிலும் அப்படியே. பத்து மாதத்தில் ஒரு ஞாயிறாவது பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய், "நாங்க புதுசா வந்திருக்கோம்" என்று சொல்லியிருக்கலாம். கடைசி ஆசீருக்கு முன்பே வண்டிச் சாவியைக் கையில் எடுக்கிற ஆள் நான்.

கடைசியில் விஷயம் தீர்ந்ததும் அப்படித்தான். அலுவலகத்தை விட்டுவிட்டு, பூசை முடிந்து வாசலில் நின்ற பங்குத்தந்தையிடமே சொன்னேன். "இங்கதானே குடியிருக்கீங்க? அப்புறம் என்ன, தயாரிப்பு வகுப்புக்கு வந்துடுங்க" என்றார். பேச்சு முழுவதும் ஒரு நிமிடம்கூட இல்லை.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு, அதாவது பாவசங்கீர்த்தனம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்கு வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன். முதல் நற்கருணைக்கு முன் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். ஒரு வருடம் ஒரு பையன் துண்டுச் சீட்டில் பாவங்களை எண் போட்டு எழுதி வந்திருந்தான். முன்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, "டேய், மூணாவது நல்லாருக்கு, நானும் சொல்லிக்கட்டா?" என்று கேட்டான். பிள்ளைகளுக்கு இருக்கும் அந்தச் சகஜம் பெரியவர்களுக்கு இல்லை. தினமும் முகம் பார்க்கிற பங்குத்தந்தையிடம் எப்படிச் சொல்வது என்றே பலர் வருடக்கணக்காகப் போவதில்லை. சொந்தப் பங்குத்தந்தையிடம்தான் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அனுமதி பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். முகம் காட்ட விருப்பமில்லையா, தடுப்புக் கம்பி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கேட்கலாம். மக்களுக்கு வசதியான நாளும் நேரமும் ஒதுக்க வேண்டியது பங்கின் கடமை. சனிக்கிழமை மாலை பூசைக்கு முன் பத்து நிமிடம் என்பதை வசதியான நேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும்விட நாம் தள்ளிப்போடுவது, நோயுற்றவருக்குக் குரு எண்ணெய் பூசும் நோயில்பூசுதல். பழைய பெயர் அவஸ்தைப்பூசுதல். அந்தப் பெயர் போனாலும் பயம் போகவில்லை. குரு எண்ணெய்ச் சிமிழோடு வந்தால் ஆள் முடிந்தது என்றே இன்னும் நினைக்கிறோம். இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானதல்ல, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கையே புதுப்பித்தார். குணமாகித் திரும்பவும் கடுமையாக நோயுற்றால் மறுபடியும் பெறலாம்.

இதெல்லாம் தெரிந்த நானே, அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஐந்து நாள் ஃபாதரைக் கூப்பிடவில்லை. அம்மா பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் நாள் அவர் வந்தார். நெற்றியில் பூசினார். அப்புறம் கைகளில். ஊசி குத்தி நீலம் பாய்ந்த இடத்தைத் தொடாமல், உள்ளங்கையை மெல்லத் திருப்பிப் பூசினார். அம்மா அந்தக் கையைத் துடைக்கவே விடவில்லை, மாலைவரை போர்வைக்கு மேலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அடுத்த தடவ சாமியைக் கூப்பிட அஞ்சு நாள் யோசிக்காதே. மொத நாளே நான் கேட்டுட்டுதான் இருந்தேன், நீதான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சே."