டிரம்ஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவைப் பார்த்துவிட்டு இன்பாக்ஸுக்கு வந்து, "விடுங்க சார், பெரியவர், வயசாயிடுச்சு" என்கிறீர்கள். எனக்கும்தான் 57 ஆகிறது. என்னை யாரும் விட்ட மாதிரி தெரியவில்லை.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் வாசித்தது நாலு ரஷ்யப் பாடல்களின் தமிழாக்கம். மூன்று, லெனின்கிராட் ராக் பாடகன் விக்தர் சோய் எழுதியவை. நாலாவதை எழுதியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசித்துவிட்டு உட்காரக்கூட இல்லை, தலைவர் மைக்கை இழுத்து, "நல்லாத்தான் இருந்தது. ஆனா இது கவிதை இல்லை, பாட்டு. அதுவும் ராக் பாட்டு. டிரம்ஸை எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" என்றார். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் என் நண்பர்கள் இரண்டு பேர். யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

ஐயா, டிரம்ஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற சந்தேகம் உங்களுக்கு முன்னால் சோவியத் அரசாங்கத்துக்கே வந்தது. அவர்கள் எடுத்தும் பார்த்தார்கள்.

1981 மார்ச்சில் லெனின்கிராட் (இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), ரூபின்ஷ்தைன் தெரு, 13ஆம் எண் கட்டடத்தில் ராக் கிளப் திறந்தார்கள். அரசாங்க அனுமதியோடுதான். ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிற பையன்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் உளவுத்துறையான கேஜிபிக்குக் கண்காணிக்க வசதி. மேடையேற ஒரு நிபந்தனை இருந்தது. பாடப்போகிற ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அதை ஒருவர் உட்கார்ந்து வாசித்து முத்திரை குத்தினால்தான் பாடலாம். லித்தோவ்கா என்பார்கள். முத்திரை விழாத பாட்டைப் பாடினால் குழுவுக்கே தடை வரும்.

அந்த மேசையில் கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வெறும் தாள். அந்த நாட்டில் ராக் பாட்டை இசையில்லாமல் வாசித்த முதல் வாசகன் தணிக்கைக்காரன். மிஞ்சியது என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சில தாள்களில் முத்திரை விழவில்லை. உங்களுக்குக் கேட்காதது அவனுக்குக் கேட்டிருக்கிறது ஐயா, வேறென்ன சொல்ல.

1987இல் நான் தூத்துக்குடியிலிருந்து லெனின்கிராடுக்குப் படிக்கப் போனேன். அப்பா தொழிற்சங்கக்காரர். வீட்டுக்குச் 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். அந்த வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டோம். ரஷ்யா என்றால் கோதுமை வயலில் சிரிக்கிற பெண்கள் என்று நினைத்துக்கொண்டு போய் இறங்கினால், ஹாஸ்டலில் ஜன்னலுக்கு வெளியே வலைப்பையில் வெண்ணெயும் சாசேஜும் தொங்குகிறது. ஃபிரிட்ஜ் கிடையாது, குளிர்தான் ஃபிரிட்ஜ்.

அறைத் தோழன் உக்ரைனின் கார்கிவ்காரன். ராத்திரி பத்து மணிக்கு மேல் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஒரு எம்.கே.-60 கேசட் 4 ரூபிள், எனக்கு மாத உதவித்தொகை 90 ரூபிள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் நகலுக்கு நகல், அதற்கும் நகல். மழைக்குள் நின்று யாரோ பாடுவது மாதிரி இருக்கும். இடது கை நிறுத்தும் பட்டனில், வலது கையில் பென்சில். ஒரு வரி கேட்பான், நிறுத்துவான், ரெக்சின் அட்டை நோட்டில் எழுதுவான், திரும்ப ஓட்டுவான். சொல் பிடிபடாத இடத்தில் புள்ளி வைத்துவிட்டு மறுநாள் நோட்டோடு மாடி மாடியாக ஏறி இறங்குவான். ஒரு பாட்டில் வருவது 'ருகா'வா 'ரெகா'வா, அதாவது கையா நதியா என்று நாலாவது மாடிக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வாரம் சண்டை. கேசட்டில் ஒட்டியிருந்த சீட்டு கிழிந்து, பாடியது யாரென்றும் தெரியாது. உ.வே.சா. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்த்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. அந்த ஹாஸ்டலில்தான் அது புரிந்தது.

ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் சண்டை போட்டால், அவர்கள் டிரம்ஸ் கேட்கவா உட்கார்ந்திருந்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைசியாக எப்போது ஒரு சொல்லுக்காகச் சண்டை வந்தது? போண்டாவுக்காக வந்தது, நான் சாட்சி.

"அப்ப சினிமாப் பாட்டெல்லாம் கவிதையா சார்?" என்று ஒரு தம்பி கமெண்ட் போடுவார் என்று தெரியும். சில பாட்டு கவிதைதான், பல பாட்டு இல்லை. அச்சில் வருகிற கவிதைக்கும் அதே கணக்குத்தான். தமிழில் கவிதைக்குப் பழைய பேரே பாட்டு. பத்துப்பாட்டு என்று பேர் வைத்தவனிடம் போய் இது கவிதையில்லை என்று சொல்லிப் பாருங்கள். கானல் வரியை இளங்கோ யாழை வைத்துக்கொண்டுதான் பாட வைக்கிறார். யாழ் போய்விட்டது, மிஞ்சியதைத்தானே ஐயா நீங்கள் முப்பது வருஷம் வகுப்பில் நடத்தினீர்கள்?

அமெரிக்கப் பாட்டுக்காரர் பாப் டிலானுக்கு 2016இல் இலக்கிய நோபல் கொடுத்தார்களே, அதைச் சொல்லலாமே என்றார் இன்னொரு நண்பர். வேண்டாம். ஸ்வீடன்காரன் சர்டிஃபிகேட் எனக்கெதற்கு? சர்டிஃபிகேட்தான் சோவியத் நாட்டின் வியாதியே. 1964இல் லெனின்கிராடில் ஜோசப் பிராட்ஸ்கியைக் கூண்டில் ஏற்றி, உன்னைக் கவிஞன் என்று யார் பட்டியலில் சேர்த்தது என்று நீதிபதியம்மா கேட்டார். யாருமில்லை, மனிதகுலத்தில் என்னை யார் சேர்த்தது என்றார் பிராட்ஸ்கி. ஐந்து வருஷம் வடக்கே அனுப்பித் தீர்ப்பு. வேலைவெட்டி இல்லாமல் திரிந்தான் என்பது குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் அடுத்த தலைமுறைப் பாட்டுக்காரர்கள் வாட்ச்மேனாகவும் தெருக்கூட்டுகிறவர்களாகவும் போனார்கள். சோய் பாய்லர் ரூமில் கரி அள்ளினான். அந்த ரூமுக்குக் கம்சாத்கா என்று செல்லப் பேர். வேலை அட்டையில் கொதிகலன் தொழிலாளி, மீதி நேரத்தில் கவிஞன். எழுத்தாளர் சங்க அட்டை வைத்திருந்தவர்களுக்கு வீடும் விடுமுறை இல்லமும் இருந்தன. அவர்களுடைய கவிதைத் தொகுப்புகள் புத்தகக் கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கிடாரோடு பாடிய விசோத்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜூலையில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது மாஸ்கோவில் செத்தார். உயிரோடிருந்தவரை சொந்த நாட்டில் ஒரு கவிதைப் புத்தகம் இல்லை. 1981இல் போட்டார்கள், 1987இல் அரசு விருது வேறு. செத்த பிறகு கவிஞனாவது அங்கே சுலபம். செரெபோவெத்ஸ் ஊர் ராக் பாட்டுக்காரன் பஷ்லச்சோவ் 1988 பிப்ரவரியில் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தபோது வயது 27. அவனுக்கும் புத்தகம் பிறகுதான்.

சரி, டிரம்ஸ்தான் பிரச்சினை என்றால் இலியா கர்மீல்த்செவைப் பாருங்கள். ஸ்வெர்த்லோவ்ஸ்க்காரர், வேதியியல் படித்தவர். 'நௌத்திலுஸ் பொம்பீலியுஸ்' குழுவுக்குப் பாட்டெழுதினார். மேடையில் கிடாரோடு நிற்கிற ஆளே இல்லை, வேலை எழுதுவது மட்டும். 1989இல் கட்சியின் இளைஞர் அமைப்பான கம்சமோல் பேரில் லெனின் கம்சமோல் விருது கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். நம் ஊரில் விருதைத் திருப்பிக் கொடுத்த கவிஞர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும். இதற்கும் சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

"தோழர், நீங்களே இப்படி சோவியத்தைக் கேவலப்படுத்தலாமா?" என்று நேற்று ஒருவர் போன் பண்ணினார். தோழர், எனக்குப் படிப்பும் சோறும் போட்ட நாடு அது. தமிழில் புத்தகம் போட்ட மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் இல்லையென்றால் எங்கள் தெருவில் ஒருத்தனும் தஸ்தயேவ்ஸ்கியைத் தொட்டிருக்க மாட்டான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அந்த மலிவுப் புத்தகக் கட்டில் இந்தப் பையன்கள் ஒருத்தனும் இல்லையே? ரஷ்யக் கவிதை என்று நமக்குக் கப்பலில் வந்ததெல்லாம் முத்திரை விழுந்த தாள். முத்திரை விழாததை ஒருத்தன் முப்பது வருஷம் கழித்துத் தமிழில் கொண்டுவந்தால், தமிழ்நாட்டுத் தலைவர் லித்தோவ்கா பண்ணுகிறார்.

மொழிபெயர்ப்பு தட்டையாக இருந்தது என்றார்கள். இருக்கலாம். அது வேறு விஷயம்.

1990 ஆகஸ்ட் 15. எங்களுக்குச் சுதந்திர தினம். ஊருக்குப் போகப் பணமில்லாத நாலைந்து பேர் ஹாஸ்டலில் கொடியேற்றி, கண்டென்ஸ்டு மில்க்கில் ரவை கிண்டி லட்டு என்று பேர் வைத்துத் தின்றோம். அன்று பகலில் லாத்வியாவில் துகும்ஸ் பக்கம் சோயின் கார் ஒரு பஸ்ஸில் மோதியது. 28 வயது. எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். அறைத் தோழன் ஒன்றும் பேசவில்லை. நோட்டை எடுத்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த பாட்டுகளைப் புதுப் பக்கத்தில் திரும்ப எழுத ஆரம்பித்தான். ஏன்டா என்றேன், கையெழுத்து நன்றாக இல்லை என்றான். 19ஆம் தேதி பகஸ்லோவ்ஸ்கயே கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு பேரும் போனோம். கூட்டத்தில் உள்ளேயே போக முடியவில்லை. சுவரோரம் நின்றவர்கள் சத்தமில்லாமல் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே டிரம்ஸ் இல்லை ஐயா.

அடுத்த வருஷம் அதே 19ஆம் தேதி மாஸ்கோவில் டாங்கிகள் இறங்கின, டிசம்பருக்குள் நாடே இல்லை. 1992இல் நான் கிளம்பும்போது அறைத் தோழன் நோட்டை என் பெட்டியில் போட்டுவிட்டுக் கார்கிவுக்கு ரயிலேறினான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். 2022இல் ரஷ்யா போர் தொடுத்த பிறகு எனக்கு ரஷ்ய மொழியில் எழுதுவதில்லை. உக்ரேனிய மொழியில் அனுப்புவான், நான் போனில் மொழிபெயர்த்துப் படிப்பேன்.

ஞாயிறு ராத்திரி கோபம் அடங்காமல் அவனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். தலைவர் சொன்னது, அரங்கம் சிரித்தது, நான் வாசித்த நாலு பாட்டு. நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்தும் அனுப்பினேன். எனக்காகக் கோபப்படுவான் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. அந்தப் பாட்டுகளை இப்போது கேட்பதில்லை, அந்த மொழியையே காதில் வாங்க முடியவில்லை, படம் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தான். கீழே இன்னொரு வரி: நாலாவது பாட்டில் 'நதி'தான் சரி, அன்றைக்கே நான் சொன்னேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை 'கை' என்று வாசித்திருந்தேன்.