ஒரு விவசாயியின் கோதுமையும் ஒற்றை வாசகமும்

அமெரிக்காவில் மத்திய அரசின் கை ஓங்கியதற்கு 1913இல் வந்த வருமான வரித் திருத்தமே காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பணம் அந்த வழியாக வந்தது, சரி. அதிகாரம் வந்த வாசல் வேறு. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தலாம் என்று அரசியலமைப்பில் ஒரு வாசகம் இருக்கிறதே, அதுதான்.

ஒஹாயோவில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்றொரு விவசாயி. 11.1 ஏக்கரில் கோதுமை போட மத்திய அரசின் அனுமதி. அவர் போட்டது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (தானியம் அளக்கும் அளவு) 117 டாலர் சொச்சம் அபராதம் விதித்தார்கள். என் பண்ணைக் கால்நடைக்கும் வீட்டு மாவுக்கும் போவது எப்படி மாநிலம் தாண்டிய வணிகமாகும் என்று வழக்குப் போட்டார். நியாயமான கேள்விதானே? 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கைவிரித்துவிட்டது. சொந்தமாக விளைவிப்பவர் சந்தையில் வாங்க மாட்டார், எல்லாரும் அப்படிச் செய்தால் நாடு முழுக்க விலை ஆடும் என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்கில் கொல்லைத் தக்காளிகூடத் தப்பாது!

பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதை வணிகம் என்று சொல்ல முடியாது என இந்தக் கணக்குக்கு நீதிமன்றம் கோடு கிழிக்க 1995 வரை ஆனது.

ஆனால் ஒன்று. கறுப்பின மக்களுக்கு அறை தர மறுத்த அட்லாண்டா மோட்டலை 1964இல் பணிய வைத்ததும் இதே வாசகம்தான். அதனால் அந்த வாசகத்தை அடியோடு சுருக்கச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.