சம்பந்திகள் ரெண்டு பேரும் பொலோனியாவுல வைன் டூர் போன கதை

(இடம்: இத்தாலி, பொலோனியா, நெப்டியூன் சிலைக்கு முன்னாடி. சாயங்காலம். ஈரோட்டுக்காரர் மாப்பிள்ளைக்கு அப்பா, ஆவின்ல பால் கொள்முதல்ல இருந்து ரிட்டயர் ஆனவர். நெல்லைக்காரர் பொண்ணுக்கு அப்பா, தபால் ஆபீஸ்ல இருந்தவர், சுத்த சைவம். பேரனைப் பாக்க வந்த இடத்துல ரெண்டு பேரும் நாள் பூரா சோபாவுல எதிரெதிரா உக்காந்து மரியாதையா சிரிச்சுக்கிட்டே இருந்தா வீட்ல இருக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும், அதனால பிள்ளைங்க ஒரு ஃபுட் அண்ட் வைன் டூருக்கு டிக்கெட் போட்டு வெளிய அனுப்பியாச்சு. சம்பந்தியம்மாக்கள் வரல, பேரன் இருக்கான்.)

ஈரோட்டுக்காரர்: ஏனுங்க சம்பந்தி, இந்தச் செலை கைல இருக்குதே சூலம், அதப் பாத்துத்தான் மசெராட்டி கார்காரன் அவன் காருக்கு அடையாளம் வெச்சானாமா, பையன் சொன்னான்.

நெல்லைக்காரர்: சூலம் சரிதான், இடுப்புல ஒரு துணி இல்லையே. நல்லவேளை பொம்பளையாளுவ வரல.

ஈரோட்டுக்காரர்: டிக்கெட்டு ஆளுக்கு 90 யூரோவாமுங்க.

நெல்லைக்காரர்: நம்ம ஊர் காசுக்கு கணக்குப் போடாதீய, தூக்கம் வராது. அதுல வைனும் உண்டாம்லா?

ஈரோட்டுக்காரர்: எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க. சர்வீஸ் பூரா பாலு, மோரு, நெய்யி, அவ்வளவுதான்.

நெல்லைக்காரர்: எனக்கும் அப்படித்தான். கல்யாணத்தப்ப பாத்தீயளா, எம் மச்சினன் மிலிட்டரி ரம் பாட்டில் ஒண்ண மண்டபத்து ரூம்ல வச்சிருந்து, அது காணாமப் போயி, அவன் என்ன ஆட்டம் ஆடுனான், நான் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கலையே.

ஈரோட்டுக்காரர்: (இருமுகிறார்) ஆமாமுங்க, கேள்விப்பட்டேன். சமையக்காரங்க யாராச்சு எடுத்திருப்பாங்கோ.

நெல்லைக்காரர்: அதான், மச்சினன் இன்னைக்கு வரைக்கும் அந்த மாஸ்டர்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல.

(கைடு ஒரு சின்னப் பொண்ணு, குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வேகமா நடக்குது. பின்னாடி எட்டு பத்து பேரு. நம்மாளுங்க கடைசில.)

நெல்லைக்காரர்: இந்த ஊர்ல மழைக்கு குடையே வேண்டாம் போலயே, தெருவுக்குத் தெரு வீட்டுக்கு அடியில இப்படி தூண் வச்சு நடபாதை.

ஈரோட்டுக்காரர்: மொத்தமா 62 கிலோமீட்டருங்க, 2021-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்கோ. அந்தக் காலத்துல படிக்க வந்த பசங்களுக்கு வாடகைக்கு விட மேல ரூமை மட்டும் தெருப் பக்கம் நீட்டி நீட்டிக் கட்டிருக்காங்கோ, அப்பறம் 1288-ல சட்டமே போட்டாங்களாமா, வீடு கட்டறவன் கீழ இப்படி வழி விட்டே ஆகோணும், அதும் குதிரை மேல ஒருத்தன் போற ஒசரத்துக்கு.

நெல்லைக்காரர்: ஆக்கிரமிப்பு பண்ணுனவன இடிக்காம, அதையே சட்டம் ஆக்கிட்டான். புத்திசாலிப் பயலுவ.

(குவாத்ரிலாதெரோ சந்தை. ஒடுக்கமான சந்து, ரெண்டு பக்கமும் கடை. கூரையில இருந்து பன்னித்தொடை வரிசையா தொங்குது. நெல்லைக்காரர் கண்ணைத் தரையில வச்சே நடக்கிறார். சீஸ் கடை வந்ததும்தான் தலையைத் தூக்குறார்.)

நெல்லைக்காரர்: ஏயப்பா, ஆட்டுரல் கணக்கால்லா இருக்கு ஒவ்வொண்ணும்!

ஈரோட்டுக்காரர்: பார்மிஜானோங்க. ஒண்ணு 40 கிலோ வரும். அதுக்கு ஏறக்கொறைய 550 லிட்டர் பாலு வேணும். பாலத் திரிய வெச்சு அமுக்கி உப்புத் தண்ணில ஊறப்போட்டு, கொறஞ்சது 12 மாசம் அலமாரில கெடக்கோணும், நல்ல சரக்குன்னா ரெண்டு வருஷம் மூணு வருஷம், அப்பறம் ஒரு ஆளு வந்து சின்ன சுத்தியல்ல தட்டித் தட்டி சத்தத்தக் கேட்டுத்தான் உள்ள ஓட்டை கீட்டை இருக்குதான்னு சொல்லுவாராமா. எங்க டிப்போல லாரி அரைமணி நேரம் லேட்டானாலே எனக்கு மெமோ வந்துருமுங்க.

நெல்லைக்காரர்: இத பேங்க்ல அடகு வேற வைக்காவளாம், கேட்டீயளா? அந்தப் பிள்ள இப்பந்தான் சொல்லிச்சு. பேங்க்காரனே குடோன் வச்சு சீஸ அடுக்கிக்கிட்டு கடன் குடுக்கானாம்.

ஈரோட்டுக்காரர்: கடனக் கட்டலீன்னா?

நெல்லைக்காரர்: பாஸ்தா மேல துருவிப் போட்டுக்கிட வேண்டியதுதான்.

(கைடு சீஸ் துண்டு மேல ஏதோ கருப்பா, கெட்டியா ஒரு சொட்டு விடுது. நெல்லைக்காரர் ஒண்ணு எடுத்து வாயில போடுறார். கண்ணை மூடுறார். இன்னொண்ணு. இன்னொண்ணு.)

நெல்லைக்காரர்: என்ன சம்பந்தி இது, வினிகர்ங்காவ, தேன் மாதிரி இனிக்கு, பொறவு புளிக்கு!

ஈரோட்டுக்காரர்: மோதேனா ஊர்ல செய்யறது. திராட்சைச் சாத்தக் காச்சி, ஒண்ணவிட ஒண்ணு சின்னதா மரப்பீப்பாய் வரிசையா வெச்சு வருஷா வருஷம் பெரிசுல இருந்து சின்னதுக்கு மாத்தி மாத்தி ஊத்துவாங்களாமா. கொறஞ்சது 12 வருஷம், ஒசத்தி ரகம்னா 25 வருஷம். 100 மில்லி பாட்டில் என்ன வெலைன்னு கேட்டேன், கேக்காமயே இருந்திருக்கலாமுங்க.

நெல்லைக்காரர்: அந்தப் பக்கமெல்லாம் பொம்பளப்பிள்ள பொறந்தா அன்னைக்கே ஒரு வரிசை பீப்பா ஆரம்பிச்சிருவாவளாம், அவ கல்யாணத்துக்கு அது சீதனமாப் போகுமாம். நானும் எம் மவ பொறந்தப்ப போஸ்ட் ஆபீஸ்ல ஆர்டி போட்டேன்.

ஈரோட்டுக்காரர்: (சட்டென்று) நாங்க ஒண்ணுமே கேக்கலைங்களே சம்பந்தி.

நெல்லைக்காரர்: கேக்கல. உங்க வீட்டு அம்மா "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதுதானே"ன்னு சொன்னாவ. அதுக்கு கேட்டிருந்தா ஒரு லிமிட்டாவது இருந்திருக்கும்.

ஈரோட்டுக்காரர்: ...இந்த வினிகர் நெம்ப நல்லாருக்குதுங்க.

(பேச்சை மாத்துறதுக்கு இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்கல.)

நெல்லைக்காரர்: சீஸும் அருமை. நல்லவேளை, சைவத்துக்கும் இங்கன ஒரு வழி இருக்கு. நான் ஆறு துண்டு தின்னாச்சு.

ஈரோட்டுக்காரர்: ஏழுங்க.

நெல்லைக்காரர்: எண்ணிக்கிட்டா இருந்தீய? ஆமா, இந்தப் பால எத வச்சு திரிய வைப்பாவ? எலுமிச்சம்பழமா?

ஈரோட்டுக்காரர்: அது வந்துங்க... கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட்டுன்னு ஒண்ணு. இந்த சீஸுக்கு அதேதான் போடோணும்னு விதிங்க.

(நெல்லைக்காரர் கையில எட்டாவது துண்டு.)

நெல்லைக்காரர்: இத எப்ப சொல்லணும்? மொத துண்டுக்கு முன்னால சொல்லணுமா, ஏழாவது துண்டுக்கு அப்புறம் சொல்லணுமா?

ஈரோட்டுக்காரர்: நீங்க கண்ண மூடி ரசிச்சுட்டு இருந்தீங்கோ, மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்து கெடுத்துட்டான்னு பேரு வேண்டாமுன்னு பொட்டாட்ட இருந்துட்டேன்.

நெல்லைக்காரர்: எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னை ராமேஸ்வரத்துக்கு அனுப்பி வச்சிருவா.

ஈரோட்டுக்காரர்: என்ற வாய்ல இருந்து வராதுங்க. (நெல்லைக்காரர் யோசிச்சுட்டு எட்டாவதையும் வாயில போடுகிறார்.) அட!

நெல்லைக்காரர்: கையில எடுத்தாச்சு, திருப்பி வச்சா எச்சில்.

(அடுத்தது ஒரு சின்ன வைன் கடை. ஆளுக்கு ஒரு கிளாஸ்ல நுரையோட சிவப்பா லாம்ப்ருஸ்கோ.)

ஈரோட்டுக்காரர்: வேண்டாம்னு சொன்னா அந்தப் புள்ள மனசு சங்கடப்படுமுங்க.

நெல்லைக்காரர்: ஆமா. பிள்ளைங்க காசு போட்டிருக்காவ. மரியாதைக்கு ஒரு மடக்கு.

ஈரோட்டுக்காரர்: ஏனுங்க சம்பந்தி, பழக்கம் இல்லைன்னீங்கோ, கிளாஸோட காலப் புடிச்சு இந்தச் சுத்து சுத்தறீங்கோ?

நெல்லைக்காரர்: ஸ்டாம்ப் ஒட்டுன கை, தானா சுத்துது. நீங்க மோந்து பாக்கிறதும் புதுசாப் பாக்குறவர் மாதிரி இல்லையே.

ஈரோட்டுக்காரர்: அது தொழிலுங்க. டிப்போல கேன் மூடியத் தொறந்ததும் மோந்து பாத்தே எது புளிச்ச பாலு, எந்த மாடு வெங்காயத் தாளு தின்னுச்சுன்னு சொல்லிப்போடுவேன். இதுல பாருங்க... ஒரு நாவப்பழ வாசம்... கொஞ்சம் ரோஜாப்பூ... சக்கரையும் கொஞ்சம் மிச்சம் இருக்குது.

நெல்லைக்காரர்: ஏ, அந்தப் பிள்ள உங்களையே பாக்குது! கை தட்டுதாவ!

ஈரோட்டுக்காரர்: இந்த வாளி எதுக்குங்க வெச்சிருக்காங்கோ?

நெல்லைக்காரர்: ருசி பாத்துட்டு துப்புறவங்க துப்பலாமாம்.

ஈரோட்டுக்காரர்: 90 யூரோ குடுத்துட்டு துப்பவா!

(அதுக்கப்புறம் வாளிப் பக்கம் யாரும் போகல. பாஸ்தாக் கடையில நடந்ததை நான் சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா அங்க ரெண்டு பேரும் பேசினதைவிட சாப்பிட்டதுதான் ஜாஸ்தி.)

ஈரோட்டுக்காரர்: ஸ்பாகெட்டி பொலோனீஸ் எப்பங்க வரும்னுதான் கேட்டேன், கைடு புள்ள மூஞ்சி சுருங்கிப் போச்சு.

நெல்லைக்காரர்: அது உலகம் பூரா இருக்காம், இந்த ஊர்ல மட்டும் கிடையாதாம். இங்க கறிக்குழம்புக்கு தல்யாதெல்லேன்னு பட்டையா இருக்கிறதுதான். அது வெந்த பொறவு அகலம் சரியா 8 மில்லிமீட்டர் இருக்கணும்னு 1972-ல பதிவு பண்ணி, தங்கத்துல ஒரு துண்டு செஞ்சு வர்த்தக சபையில பத்திரமா வச்சிருக்காவ.

ஈரோட்டுக்காரர்: நூல்புட்டுக்கு நம்ம யாரும் ஸ்கேல் வெச்சதில்லீங்களே. இந்த தொர்தெல்லினின்னு மடிச்ச பாஸ்தா இருக்குதே, அதோட கதை கேட்டீங்களா? வீனஸ் தேவி சத்திரத்துல தங்கியிருந்தப்ப, சத்திரக்காரன் சாவி ஓட்டைல எட்டிப் பாத்தானாமா, தொப்புள் மட்டுந்தான் தெரிஞ்சுதாமா, ஓடிப் போயி அதே மாதிரி மாவுல மடிச்சு வெச்சுட்டானாமா.

நெல்லைக்காரர்: சம்பந்தி, பேரன் எடுத்தாச்சு நாம.

ஈரோட்டுக்காரர்: கைடு சொன்னதச் சொன்னேனுங்க.

(கடைசி இடம்: ஓஸ்தெரியா தெல் சோலே. நீள மேசை, மரப் பெஞ்சு, சுவர் பூரா பழைய போட்டோ. கிளாஸ்ல பின்யொலெத்தோ, இந்த ஊர் மலைப்பக்கத்து வெள்ளை வைன். எத்தனாவது கிளாஸ்னு ரெண்டு பேருமே கேக்காத நிலைமை.)

நெல்லைக்காரர்: 1465-ல இருந்து இந்தக் கடை இருக்காம். வாஸ்கோட காமா கோழிக்கோட்டுல வந்து எறங்குனதே 1498-லதான்.

ஈரோட்டுக்காரர்: இத்தன வருஷத்துல ஒரு சமையல்கட்டு வெக்கல பாருங்க. குடிக்கறது மட்டுந்தான் இவங்க விப்பாங்களாமா, திங்கறதுக்கு நாமளே கொண்டாந்து உக்காந்துக்கலாமா. (பையில இருந்து ஒரு பொட்டலம் எடுக்கிறார்.) வீட்ல கட்டிக் குடுத்தாங்கோ, கடலை உருண்ட.

நெல்லைக்காரர்: அப்படியா! (அவரும் எடுக்கிறார்.) கை முறுக்கு. "வெளிநாட்டுல எதையாவது தின்னுட்டு வராதீய"ன்னு குடுத்துவிட்டா.

ஈரோட்டுக்காரர்: அந்த ஜெர்மன்காரம்மா கேக்கறாங்கோ பாருங்க, ஒண்ணு குடுங்க. ...முறுக்குக்கும் இதுக்கும் பொருந்துதுங்க சம்பந்தி, நெசமா.

நெல்லைக்காரர்: பொருந்துது. உங்க மூக்கு என்ன சொல்லுது இதுக்கு?

ஈரோட்டுக்காரர்: பச்ச ஆப்பிள் வாசம். சுத்தமான சரக்குங்க. எல்லாத்துலயும் கலப்படம் பண்றாங்கோ இப்ப, அந்த மிலிட்டரி ரம்முலயே ஒரு கருப்பட்டி வாசம் தூக்கலா... (நிறுத்துகிறார்.)

நெல்லைக்காரர்: எந்த மிலிட்டரி ரம்மு?

ஈரோட்டுக்காரர்: பொதுவாச் சொன்னேனுங்க.

நெல்லைக்காரர்: பொதுவான ரம்முல கருப்பட்டி வராது சம்பந்தி. கருப்பட்டிக் காப்பிய யாராவது ஊத்துனாத்தான் வரும்.

ஈரோட்டுக்காரர்: யாரு ஊத்துனது?

நெல்லைக்காரர்: ...மொத நாள் ராத்திரி, பொண்ணு கல்யாணம், பதட்டம். பாதி பாட்டில் கொறஞ்சு போச்சு. மச்சினன் பாத்தா சும்மா இருக்க மாட்டான்னு அடுக்களையில இருந்த காப்பிய ஊத்தி அளவ சரி பண்ணி வச்சேன். காலையில பாத்தா பாட்டிலே இல்ல!

ஈரோட்டுக்காரர்: அட என்ற கெரகமே! அதக் குடிச்சுட்டு மொட்டமாடில படுத்தவன் விடிய விடிய ஒரு பொட்டுத் தூங்கலீங்க! மூணு மணிக்கே குளிச்சு வேட்டி கட்டி மண்டபத்து வாசல்ல நின்னேன், உங்க சனமெல்லாம் "மாப்பிள்ள அப்பா என்ன பொறுப்பு"ன்னு பேசுனாங்கோ!

நெல்லைக்காரர்: நானுந்தான் பேசுனேன்! "இப்படி ஒரு சம்பந்தி கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்"னு எல்லார்கிட்டயும் சொன்னேன்!

ஈரோட்டுக்காரர்: அந்த சமையல் மாஸ்டர் பாவமுங்க.

நெல்லைக்காரர்: பாவந்தான். இன்னொரு கிளாஸ் சொல்லுங்க அவருக்காக.

(போன் அடிக்கிறது.)

நெல்லைக்காரர்: எம் மவ, வீடியோ கால்! கிளாஸ மறைங்க!

ஈரோட்டுக்காரர்: எது என்னோடதுங்க?

நெல்லைக்காரர்: ரெண்டையும்! (போனில்) ஆ, சொல்லும்மா... மாமாவா, இங்கனதான் வரலாறு கேட்டுக்கிட்டு இருக்காவ, 1465... மூஞ்சி செவப்பா? குளிரும்மா... அம்மைகிட்ட போன குடுக்காத, குடுக்காத... ஆ, என்னடி. முறுக்குத்தான் தின்னேன்... சீஸா? கொஞ்சம் போல... அது எப்படிச் செய்வாவன்னா, பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு...

ஈரோட்டுக்காரர்: (போன் பக்கம் குனிந்து) ஆமாங்க சம்பந்தியம்மா, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ரெண்டு பழம் பிழிஞ்சாங்கோ.