யூகோஸ் பறிக்கப்பட்ட விதம்

"புதின் வந்ததும், அவருக்கு முந்தைய ரஷ்ய அதிபர் யெல்த்சின் காலத்து ஒலிகார்க்குகளின் (அரசியல் செல்வாக்குள்ள பெரும் பணக்காரர்களின்) சொத்தையெல்லாம் நாட்டுடைமை ஆக்கினார், யூகோஸ் எண்ணெய் நிறுவனமே சாட்சி" என்று சிலர் சொல்வது தவறு. அப்படி எந்த நாட்டுடைமைச் சட்டமும் போடப்படவில்லை.

யூகோஸ் விஷயத்தில் பயன்பட்ட கருவி வரி பாக்கி. 2003 அக்டோபரில் யூகோஸின் தலைவர் கோடர்கோவ்ஸ்கி நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கைதானார். பிறகு பழைய ஆண்டுகளின் வரியை மறுகணக்கிட்டு, அபராதமும் சேர்த்து, பல ஆயிரம் கோடி ரூபிள் கேட்டார்கள். கணக்குகளும் சொத்துகளும் முடக்கப்பட்டதால் கம்பெனி நினைத்தாலும் முழுதாகக் கட்ட வழியில்லை. இதுதான் முக்கியமான இடம். 2004 டிசம்பர் 19 அன்று, அதன் எண்ணெயில் சுமார் 60% தந்த துணை நிறுவனம் யுகான்ஸ்க்நெஃப்தேகாஸ் ஏலத்துக்கு வந்தது. ட்வேர் நகரில் சில நாள் முன்பு பதிவான, யாரும் கேள்விப்படாத 'பைகால் ஃபைனான்ஸ் குரூப்' 26,075 கோடி ரூபிளுக்கு எடுத்தது. சில நாளில் அந்த பைகாலையே அரசு நிறுவனம் ரோஸ்நெஃப்ட் வாங்கிவிட்டது. 2006இல் யூகோஸ் திவால்.

மற்றவர்கள்? அரசு நிறுவனப் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் அரசு கடன் வாங்கிய 1995இன் 'கடனுக்குப் பங்கு' திட்டத்தை முன்மொழிந்த ஒலிகார்க் பொத்தானினின் கையில் நோரில்ஸ்க் நிக்கல் சுரங்க நிறுவனம் அப்படியே இருந்தது. இன்னொரு ஒலிகார்க் அப்ரமோவிச் 2005இல் தன் சிப்நெஃப்ட் எண்ணெய் நிறுவனப் பங்குகளை அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுக்குச் சுமார் 1,300 கோடி டாலருக்கு விற்றார். பறிமுதல் செய்பவர் இவ்வளவு விலை கொடுப்பாரா?

ஆனால் ஊடக முதலாளி குசின்ஸ்கியை 2000 ஜூனில் சிறையில் வைத்து, பிறகு அவரது ஊடக நிறுவனத்தை காஸ்ப்ரோமுக்கு விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அது சிறையைக் காட்டி நடந்த பேரம் என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2004 தீர்ப்பில் கண்டித்திருக்கிறது. குசின்ஸ்கியிடம் அரசை விமர்சித்த என்டிவி தொலைக்காட்சி இருந்தது, கோடர்கோவ்ஸ்கி எதிர்க்கட்சிகளுக்குப் பணம் தந்தார். கிரெம்ளினோடு ஒத்துப்போனவர்களின் சொத்து தப்பியது.