கேட்டு வாங்கியதை 'கொடுத்தார்கள்' என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தின் அந்த ஒன்றரை நிமிட வீடியோ இந்நேரம் உங்கள் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும். நான் எழுந்து நிற்பது, மைக் அணைவது, "மேடம், உக்காருங்க, நல்ல நாளும் அதுவுமா" என்று ஒருவர் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முன் பேச்சாளர் சொன்னது மட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவை நிறுவிய பெரியவர்கள் பேச்சுரிமை, வழிபாட்டுரிமை என்று எல்லாவற்றையும் முதல் நாளே மக்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். அந்த அரசியலமைப்பை எதிர்த்தவர்கள் குட்டையைக் குழப்புகிறவர்கள் என்றார். அரங்கமே கைதட்டியது.

கொடுக்கவில்லை. கேட்டு வாங்கினார்கள். இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

1787 மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஃபிலடெல்ஃபியாவில் மாநிலப் பிரதிநிதிகள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய சாசனத்தில், அதாவது அந்த அரசியலமைப்பில், பேச்சுரிமை இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் இல்லை. காரணமில்லாமல் வீடு புகுந்து சோதனை போடக்கூடாது என்ற வரி இல்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. செப்டம்பர் 12 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து கேட்டார். 1776-இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர் அவர். மாநிலங்களிடம் இருப்பதை வைத்துச் சில மணி நேரத்தில் ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம், மக்களுக்கும் நிம்மதி என்றார். இன்னொரு பிரதிநிதி எல்பிரிட்ஜ் ஜெர்ரி அதை முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் பத்து மாநிலங்களும் வேண்டாம் என்றன. வேண்டும் என்று ஒரு மாநிலம்கூடச் சொல்லவில்லை. மாநிலப் பிரகடனங்களே போதும் என்றார் ரோஜர் ஷெர்மன் என்ற பிரதிநிதி.

ஐந்து நாள் கழித்து 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேசன், ஜெர்ரி, எட்மண்ட் ராண்டால்ஃப் மூவரும் அதே அறையில் இருந்தும் போடவில்லை. இந்த வடிவில் இதில் கையெழுத்துப் போடுவதைவிட வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று ஆகஸ்ட் கடைசியிலேயே சொன்னவர் மேசன். அச்சடித்துக் கொடுத்த வரைவின் பின்பக்கத்தில் தன் ஆட்சேபங்களை எழுதினார். முதல் ஆட்சேபமே உரிமைப் பிரகடனம் எதுவும் இல்லை என்பதுதான்.

இவரைத்தான் குட்டையைக் குழப்புகிறவர் என்கிறீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது வாடகைக்கு ஒரு மாடி போர்ஷனுக்குப் போனோம். அப்பா பத்திரத்தாள் வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நமக்குள்ள எதுக்கு சார் அக்ரிமென்ட்? உங்க வீடு மாதிரி இருங்க" என்றார். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினோராவது மாதம், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காலி பண்ணச் சொன்னார்கள். அட்வான்ஸில் பாதிதான் வந்தது. அப்பா கேட்டதற்கு, "எதுல எழுதியிருக்கு?" என்றார் அதே மனிதர். அந்த வெற்றுத் தாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கிறது.

சாசனத்தை ஆதரித்து எழுதிய ஹாமில்டன் சொன்ன வாதமும் இந்த ஜாதிதான். கொஞ்சம் நாகரிகமாக, கொஞ்சம் சட்டமாகச் சொன்னார். பத்திரிகையைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமே தராதபோது, கட்டுப்படுத்தாதே என்று ஏன் எழுத வேண்டும் என்றார். எழுதினால், எழுதாமல் விட்டதெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று ஆகிவிடாதா என்ற பயமும் அதில் உண்டு. கெட்டிக்கார வாதம், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் சாசனத்தில் சேர்த்த ஒன்பதாவது திருத்தமே, பட்டியலில் இல்லாததால் ஒரு உரிமை இல்லை என்று ஆகாது என்கிறது. அதாவது, அந்தப் பயத்துக்குப் பதிலையும் எழுதித்தான் வைக்க வேண்டியிருந்தது.

மக்கள் விடவில்லை. சாசனத்தை ஒவ்வொரு மாநிலமும் ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் ஆதரவு 187, எதிர்ப்பு 168. அதுவும் திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையோடு. வர்ஜீனியாவில் 89-க்கு 79. நியூயார்க்கில் 30-க்கு 27. மூன்றே ஓட்டு! வாஷிங்டன் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் உள்ளேயே வரவில்லை. இதெல்லாம் பெருந்தன்மையா? சாசனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மேடிசனே முதலில் இந்த உரிமைப் பட்டியலை எதையும் தடுக்காத காகித வேலி என்றுதான் நினைத்தார். 1789 நாடாளுமன்றத் தேர்தலில் அவரை எதிர்த்து மன்ரோ நின்றார். மத உரிமைக்குக் கவலைப்பட்ட பாப்டிஸ்ட் சபைக்காரர்களிடம் திருத்தம் கொண்டுவருகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் மேடிசன் ஜெயித்தார். ஜூன் 8 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, இப்போது இதற்கா அவசரம், வரி வேலை கிடக்கிறதே என்றார்கள். அவர் விடவில்லை. 12 திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போய், 10 மட்டும் 1791 டிசம்பர் 15 அன்று சட்டமாயின. மேசன் கேட்டு நான்கு வருஷம் மூன்று மாதம்.

ஆட்கொணர்வு மனு, குற்ற வழக்கில் ஜூரி எல்லாம் 1787-லேயே இருந்ததே என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இருந்தது. சரி. மற்றவை?

இன்னொருவர், மேசன் அடிமைகளை வைத்திருந்தவர், அவரைப் போய் தூக்கிப் பிடிக்கிறீர்களே என்று கேட்டு, கீழே மூன்று சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார். பத்தொன்பது வருஷமாக இதை வகுப்பில் நடத்துகிறவளிடம் வந்து சொல்கிறீர்கள். ஆமாம், வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அதே சபையில் பேசினார், வீட்டில் இருந்தவர்களை விடுவிக்கவில்லை. அந்தச் சாசனம் அடிமை என்ற சொல்லைப் போடாமலேயே, மாநிலங்களுக்கு இடம் பிரிக்கும் மக்கள் கணக்கில் அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணியது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்கக்கூடாது என்றது. இதனால் என் பேச்சு பொய்யாகிறதா? அந்த மக்களுக்கு யார் கொடுத்தார்கள்? 1865-இல் விடுதலை, 1868-இல் குடியுரிமை, 1920-இல் பெண்களுக்கு வாக்கு. எதற்கும் பெரியவர்கள் தாமாகக் கதவைத் திறந்துவிடவில்லை.

எழுதியதும் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஏழே வருஷத்தில், 1798-இல், அரசை விமர்சித்தால் சிறை என்று சட்டம் போட்டார்கள். அதிபர் ஆடம்ஸைக் குறை சொல்லி எழுதியதற்காக வெர்மான்ட் மாநில நாடாளுமன்ற உறுப்பினர் மேத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். அவர் சிறையில் இருக்கும்போதே தொகுதி மக்கள் அவரை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள்.

அந்த வீடியோவுக்குக் கீழே "டீச்சருக்கு எப்பவுமே கோவம் ஜாஸ்தி" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்கு இதயக்குறி போட்டவர்களில் என்னிடம் மூன்று வருஷம் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறது. மைக்கை அணைத்ததுகூட வலிக்கவில்லை, தம்பி. இதே செப்டம்பர் 12-ஐ நீ பரீட்சையில் ஒன்றரைப் பக்கம் எழுதினாய், அதற்கு நான் பதினைந்துக்குப் பதினான்கு போட்டேன். எனக்கு நினைவிருக்கிறது.

கேள்வி கேட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடும் என்கிறார்கள் அமைப்பாளர்கள். கைதட்ட மட்டும்தான் கூப்பிட்டார்கள் என்றால் அழைப்பிதழில் அதைப் போட்டிருக்கலாம். கலந்துரையாடல் என்றுதான் போட்டிருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் வருவேன். மைக் தர வேண்டாம். அறுபது பேர் வகுப்பில் ஃபேன் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரை கேட்கும்.