‘கண் வடிவாத் தெரியாது’

போன கிழமை சித்தப்பாவோட பருத்தித்துறை பஸ்ஸில வந்தனான். கனடாவில இருந்து வந்து நிக்கிறார். கையில வெள்ளைப் பிரம்பு. கண்ட உடன ஒரு தம்பி எழும்பி சீற் தந்தான். சித்தப்பா இருந்தார், பையுக்குள்ள இருந்து உதயன் பேப்பரை எடுத்தார், மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கிட்டார். (ஊருக்கு வந்தா முதல் அந்தப் பக்கம்தான்.)

“கண் நல்லாத்தானே தெரியுது” எண்டு முன் சீற் அம்மா பக்கத்தில இருந்தவவுக்குச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. தம்பியின்ர முகமும் மாறிட்டுது.

கனடாவில அவருக்குக் குடுத்த கடிதத்தில ‘லீகலி பிளைண்ட்’, சட்டப்படி கண் தெரியாதவர், எண்டு கிடக்கு. அதைக் கேட்டு அப்பம்மா குழறினவ: “என்ர பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் போட்டுதே!” போகேல்லை. அது சட்டத்துக்காகக் கீறின கோடு. கண்ணாடி போட்டும், ரெண்டில நல்ல கண்ணால, மற்றாக்கள் 60 மீற்றரில வாசிக்கிற எழுத்துக்கு 6 மீற்றர் கிட்டப் போகவேணும் எண்டா நீங்கள் கோட்டுக்கு அங்கால. இல்லாட்டி பார்வைப் பரப்பு 20 பாகைக்குள்ள சுருங்கியிருக்க வேணும். சித்தப்பா ரெண்டாவது. குளோக்கோமா, ஓரப் பார்வையை மெல்ல மெல்லத் தின்னிற கண் வருத்தம். கையை நேர நீட்டி ஒரு சாண் விரிச்சுப் பாருங்கோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் 20 பாகை. அந்தச் சாணுக்குள்ள பொடி எழுத்தும் துலக்கம். வெளியில படி, வாய்க்கால், சைக்கிள் ஒண்டுமில்லை.

‘பிளைண்ட்’ எண்டா முழு இருட்டு எண்டுதான் எங்களுக்கு ரியூசனில தீத்தினவை. இங்கிலிசில ‘பேர்பிளைண்ட்’ எண்டும் ஒரு பழஞ்சொல் இருக்கு. அந்தப் ‘பேர்’, ‘பியூர்’தான், முழுக்க எண்ட கருத்தில. முதல்ல முழுதாக் கண் தெரியாதவரைக் குறிச்சது, 16ஆம் நூற்றாண்டளவில மங்கலாத் தெரியிறவருக்கு மாறிட்டுது. அவங்களுக்கே இடையில ஒரு சொல் தேவைப்பட்டிருக்கு.

நாங்கள் ‘குருடு’ எண்டதை விட்டிட்டு ‘விழிப்புலனற்ற’ எண்டு மரியாதையா எழுதுறம். சரி. ஆனா அந்த ‘அற்ற’ எனக்கு உறுத்துது, துளிகூட மிச்சம் விடாத சொல். எங்கட கிழடுகள் ‘கண் வடிவாத் தெரியாது’ எண்டுதான் சொல்லுவினம். அந்த ‘வடிவா’வுக்குள்ள சித்தப்பாவின்ர சாணும் அடங்கும். படிவங்களில அப்பிடி எழுதேலாது எண்டா ‘விழிப்புலன் குறைந்த’ எண்டாவது போடலாமே?

நெல்லியடியில இறங்கேக்க சித்தப்பா படியைப் பிரம்பால ரெண்டு தரம் தட்டிப் பாத்துத்தான் காலை வைச்சார். அந்த அம்மா யன்னலால எட்டிப் பாத்துக்கொண்டிருந்தா. பேப்பரை சீற்றிலேயே விட்டிட்டு வந்திட்டம்.