வியாபாரம் விழுந்தது உத்தரவால் மட்டுமா?

2020-ல் கடைகளில் வியாபாரம் படுத்ததற்கு கொரோனா ஊரடங்கு உத்தரவு மட்டுமே காரணம், அது இல்லையென்றால் மக்கள் வழக்கம்போலச் செலவு செய்திருப்பார்கள் என்று ஒரு கருத்தைப் பலரும் பகிர்கிறார்கள். அது சரியல்ல.

அந்த மார்ச்சில் டென்மார்க் உணவகம், சலூன், பெரிய வணிக வளாகம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது, பக்கத்திலேயே இருக்கும் ஸ்வீடனோ பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. இரண்டு நாட்டிலும் கிளை உள்ள ஒரு வங்கியின் பரிவர்த்தனைகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, செலவு டென்மார்க்கில் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது, ஸ்வீடனில் சுமார் 25. ஆக உத்தரவால் கூடுதலாகப் போனது ஏறக்குறைய 4 சதவீதப் புள்ளிதான். மீதி பெரும்பாலும் தொற்று பயத்தில் மக்களே வெளியே வராமல் இருந்ததால் வந்தது (பொதுவான மந்தமும் சேர்ந்து).

நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள்: 2020-ல் பிஎன்ஏஎஸ் (PNAS) என்ற அமெரிக்க அறிவியல் இதழில் வந்த ஆய்வு, டென்மார்க், ஸ்வீடன், வங்கித் தரவு என்று தேடினாலே கிடைக்கும், இரண்டு நாட்டுக் கோடுகளும் ஒரே வாரத்தில் சேர்ந்து சரிவது வரைபடத்தில் தெரியும்.

கடைக்காரர்களின் நஷ்டம் நிஜம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஷட்டரைத் திறந்தால் மட்டும் போதும் என்று நம்பவைத்தால், அவர்களுக்குத் தேவையான நேரடி உதவியை யாரும் கேட்க மாட்டார்கள்.